இல்லை வேறு, தெரியாது வேறு

நான் ஆராய்ச்சிப் படிப்பின் நடுவில் சென்னையிலிருந்து போர்ட் பிளேர் ஷாதிபூர் வீட்டுக்குத் திரும்பி வந்தபோது வாப்பாவுக்கு ஒரே ஒரு சங்கடம்தான் இருந்தது. மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல அவரிடம் ஒரு சொல் இல்லை. அபர்தீன் பஜாரில் கயிறும் தார்ப்பாயும் பிளாஸ்டிக் டிரம்மும் விற்கும் கடை அவருடையது. கப்பலில் வேலை செய்பவர்கள், காண்ட்ராக்டர்கள், மீன் பிடிப்பவர்கள், அரசு அலுவலர்கள் என்று நாள் முழுக்க ஆட்கள் வந்து போவார்கள். என் அக்காவைப் பற்றிக் கேட்டால், "லாங் ஐலண்ட்ல டீச்சர்" என்று முடித்துவிடுவார். என்னைப் பற்றிக் கேட்டால் கொஞ்சம் யோசித்து, "கம்ப்யூட்டர்" என்பார். அதற்கு மேலும் கேட்டால் கயிற்றை அளக்கத் தொடங்கிவிடுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது அவரே கேட்டார்.

"நீ படிக்கிறது என்னன்னு எனக்குப் புரியிற மாதிரி சொல்லேன்."

"எபிஸ்டெமிக் லாஜிக், வாப்பா."

"புரியிற மாதிரின்னு சொன்னேன்."

"ஒரு மிஷினுக்கு எல்லாமே தெரிஞ்சிருக்காது. பாதிதான் தெரியும். அந்தப் பாதியை வெச்சுக்கிட்டு அது எப்படி யோசிக்கணும், தனக்கு என்ன தெரியும் என்ன தெரியாதுங்கிறது அதுக்கு எப்படித் தெரியணும், அதைப் பத்தின படிப்பு."

வாப்பா சோற்றைப் பிசைந்தபடி சிரித்தார். "நாளைக்குக் கப்பல் வருமான்னு கேட்டா நாங்க இன்ஷா அல்லாஹ்னு ஒரே வார்த்தையில முடிச்சிருவோம். அதுக்கா இத்தனை வருஷம் படிக்கிறே?"

உம்மாவும் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் விடவில்லை.

"அது நாளைக்கு நடக்கப் போறதுக்கு வாப்பா. கப்பல் நேத்தே வந்திருச்சு, ஆனா வந்த சேதி உங்களுக்கு எட்டலை. அப்ப உங்ககிட்ட ஒருத்தர் வந்து கப்பல் வந்துச்சான்னு கேட்டா என்ன சொல்வீங்க?"

"வரலைம்பேன்."

"அங்கதான் என் படிப்பு ஆரம்பிக்குது."

வாப்பா மீன் முள்ளை எடுத்து ஓரமாக வைத்தார். அடுத்த வாரம் கடைக்குப் போயிருந்தபோது, ஒருவரிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது: "சின்னவளா? வரலைங்கிறதுக்கும் தெரியலைங்கிறதுக்கும் என்ன வித்தியாசம்னு படிக்கிறா." கேட்டவர் வாப்பாவை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தார்ப்பாய்க்கு விலை கேட்டார்.

அந்த நாட்களில் நானும் என் பள்ளித் தோழியும் ஒரு வேலையில் இறங்கியிருந்தோம். அவள் தெலுங்குக் குடும்பத்துப் பெண். இங்கே ஒரு கல்லூரியில் கணினிப் பாடம் நடத்துகிறாள். எங்கள் இருவருக்கும் இடையே சிறு வயதிலிருந்து ஓடுவது தீவின் இந்திதான். தீவுகளுக்கு இடையே போகும் கப்பல், படகு பற்றி யார் வேண்டுமானாலும் செல்போனில் தமிழிலோ இந்தியிலோ வங்காளத்திலோ கேட்கலாம், உடனே பதில் வரும் என்று ஒரு செயலி செய்யத் தொடங்கினோம். பேசுவதற்கு, இப்போது எல்லோரும் பயன்படுத்தும் பெரிய லாங்வேஜ் மாடல் ஒன்றைப் பின்னால் வைத்திருந்தோம். அது அருமையாகப் பேசியது. சிக்கலும் அதுதான். எதைக் கேட்டாலும் தயங்காமல் பேசியது.

கல்லூரி மாடியில் உட்கார்ந்து அதைச் சோதித்த முதல் நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஜன்னல் வழியே துறைமுகம் தெரியும். சங்கு ஊதி ஒரு கப்பல் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. தோழி அந்தக் கப்பலைப் பற்றியே கேட்டாள். "இன்று அந்தத் தடத்தில் கப்பல் இல்லை. சிரமத்துக்கு மன்னிக்கவும்" என்று மரியாதையாகப் பதில் வந்தது.

"தேக், ஜா ரஹா ஹை," என்று அவள் ஜன்னலைக் காட்டினாள். பார், போய்க்கொண்டிருக்கிறது.

காரணம் எளிது. அந்தக் கப்பலைப் பற்றிய தகவல் அன்று காலை எங்களிடம் வந்து சேரவில்லை. தகவல் இல்லாததை, கப்பலே இல்லை என்று அது எடுத்துக்கொண்டது. பெரும்பாலான கணினித் தரவுத் தொகுப்புகளின் பழக்கம் அது. தன்னிடம் பதிவாகாத எதுவும் உலகத்திலேயே இல்லை என்று வைத்துக்கொள்ளும்.

என் படிப்பு உதவும் இடம் வந்துவிட்டது என்று எனக்கு ஒரே உற்சாகம். இந்தத் தர்க்கத்தின் அடிப்படை ஒன்றும் கடினமானதல்ல. நமக்குத் தெரிந்தவற்றோடு முட்டாமல் இருக்கக்கூடிய எல்லா உலகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். கப்பல் கிளம்பிவிட்ட உலகம் ஒன்று, கிளம்பாத உலகம் ஒன்று, நடுவழியில் நிற்கும் உலகம் ஒன்று. அத்தனை உலகங்களிலும் ஒரு விஷயம் உண்மை என்றால், அது எனக்குத் தெரியும் என்று பொருள். எந்த உலகத்திலும் உண்மை இல்லை என்றால், அது இல்லை என்பது எனக்குத் தெரியும். சில உலகங்களில் உண்டு, சிலவற்றில் இல்லை என்றால் எனக்குத் தெரியாது. புதிதாக ஒரு செய்தி வரும்போது சில உலகங்கள் கழிந்துபோகின்றன. மிஞ்சுபவற்றை வைத்து மறுபடி பார்க்கிறோம். இதைச் செயலிக்குள் எழுதி, பேசும் பகுதிக்கு முன்னால் காவல் போல நிறுத்தினேன். இது 'தெரியும்' என்று விட்டால்தான் அது வாயைத் திறக்க முடியும்.

சோதித்துப் பார்க்க எங்களுக்குக் கிடைத்த முதல் ஆள் என் லாத்தா, அந்த டீச்சர் அக்காதான். லாங் ஐலண்டில் இருப்பவர்களுக்குக் கப்பல் என்பது ஆஸ்பத்திரி, பாங்க், கல்யாணம், சந்தை எல்லாம்தான். பத்து நாள் பயன்படுத்திவிட்டு லாத்தா போன் செய்தாள்.

"ஏண்டி, உன் மிஷினுக்கு என்னதான் தெரியும்?"

"ஏன் லாத்தா?"

"எப்பக் கேட்டாலும் தெரியலைன்னு சொல்லுது. தெரியலைன்னு சொல்றதுக்கு எதுக்கு ஒரு மிஷின்? உன் மச்சானே அதை நல்லாச் சொல்றாரே."

பின்னாலிருந்து மச்சான் சிரிப்பது கேட்டது. லாத்தா சொன்னது சரி. முன்பு அது பொய் சொன்னது, இப்போது உண்மையைச் சொல்லிக்கொண்டு சும்மா இருந்தது. மழைக்காலம் நெருங்கினால் எங்களுக்குத் தகவல் வருவது இன்னும் குறையும். 'தெரியாது' இன்னும் கூடும். இதை என் வழிகாட்டிப் பேராசிரியரிடம் வீடியோ அழைப்பில் சொன்னேன். தெரியாது என்பதைச் சரியாகச் சொல்லவைத்ததே பெரிய விஷயம், ஆய்வுக்கு அது போதும் என்றார். ஆய்வுக்குப் போதும்தான். லாத்தாவுக்குப் போதாதே.

இந்த நிலையில்தான் அந்த மே மாதக் காற்று வந்தது.

லாத்தா அப்போது நிறைமாதம். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து நின்ற கரு. கப்பல் நிச்சயமில்லாத காலம் என்பதால் முன்கூட்டியே போர்ட் பிளேர் வந்து தங்கிவிடச் சொல்லியிருந்தார் டாக்டர். லாங் ஐலண்டிலிருந்து நேரே இங்கு வரும் கப்பலில் அவளும் மச்சானும் வருவதாக ஏற்பாடு. உம்மா அறையைச் சுத்தம் செய்து, கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டு, அதன் மேல் யாரையும் உட்காரவிடாமல் காத்துக்கொண்டிருந்தார். அதற்குள் கடல் கொந்தளித்தது. கப்பல்கள் நின்றன. சின்னத் தீவுகளில் டவரும் போய்விட்டது.

டவர் போவதற்கு முன் லாத்தா அனுப்பிய குரல் செய்தி ஒன்று மட்டும் என் போனில் இருந்தது. காற்றிரைச்சலுக்கு நடுவே அவள் குரல்: "இவளே, ஷிப் வரலைன்னா யெரட்டா போட்..." அதோடு நின்றுவிட்டது.

ரங்கத் ஊருக்குப் பக்கத்தில் யெரட்டா என்று ஒரு ஜெட்டி உண்டு. லாங் ஐலண்டிலிருந்து அங்கே சிறிய படகு ஓடும். அங்கிருந்து போர்ட் பிளேருக்குச் சாலை வழியாக வரலாம், ஆனால் நாள் முழுக்கப் பயணம். லாத்தா என்ன சொல்ல வந்தாள்? யெரட்டா போட்டில் வருகிறோம் என்றா? யெரட்டா போட்டும் நின்றுவிட்டது என்றா? தமிழில் முக்கால்வாசிச் சேதி சொல்லின் வாலில்தான் இருக்கிறது. அந்த வால்தான் அறுந்துபோயிருந்தது. நான் அந்தச் செய்தியை எத்தனை முறை போட்டுக் கேட்டேன் என்று கணக்கில்லை. திருப்பி அனுப்பிய செய்திகள் எல்லாம் ஒற்றை டிக்கோடு நின்றன.

காற்று கொஞ்சம் அடங்கிய அன்று காலை வாப்பா கடை திறக்கப் போகவில்லை. உம்மா அழுது முடித்திருந்தார். மூவரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம்.

"அவளுக்கு ஷிப் நின்னது தெரியுமா?" என்றார் வாப்பா.

"அங்க ஜெட்டியில சொல்லியிருப்பாங்க. தெரிஞ்சிருக்கும்."

"நாம யெரட்டாவுக்குப் போய் நிக்கணும்னு அவ நினைக்கிறாளா?"

"தெரியாது வாப்பா. நாம அவளோட சேதியைக் கேட்டோமாங்கிறதே அவளுக்குத் தெரியாது."

"அப்ப அவ கிளம்பியிருக்க மாட்டா."

"கிளம்பியும் இருக்கலாம்."

"நீதானே இதைப் படிக்கிறே?" என்றார் உம்மா. அந்தக் குரலில் கேலி இல்லை. "என்ன செய்யணும்னு சொல்லு."

உண்மையைச் சொன்னால், என் பாடப்புத்தகம் இந்த இடத்தில் கைவிரிக்கும். இரண்டு பேர் ஓர் இடத்தில் சந்திக்க வேண்டும். நடுவில் போகும் சேதி தொலைந்துபோகலாம். நான் வருகிறேன் என்று அனுப்பினால், அது கிடைத்தது என்று பதில் வரும்வரை எனக்கு நிச்சயமில்லை. அந்தப் பதில் எனக்குக் கிடைத்ததா என்று அவளுக்கு நிச்சயமில்லை. எத்தனை சேதி போய் வந்தாலும் கடைசியாக அனுப்பியவருக்குச் சந்தேகம் மிச்சமிருக்கும். இருவருக்கும் ஒன்றுபோல எல்லாம் தெரிந்த நிலை ஒருபோதும் வராது என்று கணக்குப் போட்டே நிரூபித்திருக்கிறார்கள். எங்களுக்கோ ஒரு சேதிகூட முழுசாகப் போகவில்லை.

ஆனால் உம்மா கேட்டது லாத்தாவுக்கு என்ன தெரியும் என்று அல்ல. என்ன செய்யணும் என்று. அந்த இரண்டும் வேறு கேள்விகள் என்று அந்த மேசையில்தான் எனக்கு உறைத்தது.

"இருங்க, ஒவ்வொண்ணாப் பார்ப்போம்," என்றேன். "அவ யெரட்டா போட்ல வர்றான்னு வைங்க. நாம அங்க நிக்கணும். இல்லைன்னா நிறைமாசத்தோட பஸ் ஏறி வரணும்."

"சரி."

"போட் ஓடலை, தீவுலயே இருக்கா. அப்பவும் யெரட்டாவுலதான் நாம இருக்கணும். போட் ஓட ஆரம்பிச்சதும் நாம அந்தப் பக்கம் போயிரலாம். இங்கேயிருந்தா முடியாது."

"ஷிப்பு மறுபடி விட்டு, அதுல நேரா இங்க வந்துட்டா?" என்றார் வாப்பா.

நான் யோசிப்பதற்குள் உம்மா சொன்னார்: "நான் இருக்கேன்ல? கதவைத் திறக்க எனக்குத் தெரியாதா?"

அவ்வளவுதான். எது நடந்திருக்கிறது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. ஆனால் அந்த மூன்றில் எதுவாக இருந்தாலும், வாப்பாவும் நானும் யெரட்டாவுக்குப் போவதும் உம்மா வீட்டில் இருப்பதும் சரியாக இருந்தது. வாப்பா அதற்குள் எழுந்து சட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

கடைக்கு அடிக்கடி வரும் ராஞ்சிக்காரர் ஒருவர் தன் ஜீப்பை ஓட்டிக்கொண்டு வரச் சம்மதித்தார். ஜிர்காடாங்கில், காட்டுப் பாதைக்குள் வண்டிகளைக் கூட்டமாக அனுப்பும் கான்வாய்க்குக் காத்திருந்து, வரிசையில் சேர்ந்து காட்டுக்குள் போனோம். வழியெங்கும் மரங்கள் சாய்ந்திருந்தன. வெட்டி ஓரம் தள்ளியிருந்தார்கள். காட்டுக்குள் எந்தப் போனிலும் உயிரில்லை. மிடில் ஸ்ட்ரெய்ட் கழியைக் கடக்க ஜீப்போடு ஃபெரியில் ஏறி நின்றபோது, கலங்கிய நீரைப் பார்த்துக்கொண்டே வாப்பா கேட்டார்:

"நாம வர்றது அவளுக்குத் தெரியாதுல்ல?"

"தெரியாது வாப்பா."

"ஆனா நினைப்பா."

"என்னன்னு?"

"வாப்பா வருவாங்கன்னு."

அதை அவர் என்னிடம் சொன்னதாகத் தோன்றவில்லை. தனக்கே சொல்லிக்கொண்டது போல இருந்தது. நினைப்பது வேறு, தெரிவது வேறு என்று என் துறையில் கோடு போட்டுப் பிரித்து வைத்திருக்கிறோம். அந்த ஃபெரியில் அந்தக் கோட்டை இழுக்க எனக்கு மனம் வரவில்லை.

யெரட்டா சேர்ந்தபோது மதியம் சாய்ந்துவிட்டது. இரண்டு பக்கமும் அலையாத்திக் காடு, நடுவே பச்சையாய்த் தேங்கிய உப்பங்கழி, அதன் கரையில் ஜெட்டி. ஒரு படகும் இல்லை. ஜெட்டிக்கு வெளியே ஒரு வங்காளி டீக்கடை மட்டும் திறந்திருந்தது. வாப்பா நேரே கடைக்காரரிடம் போனார்.

"லாங் ஐலண்ட் கா போட் ஆயேகா க்யா, தாதா?" லாங் ஐலண்ட் படகு வருமா, அண்ணே?

"நஹீ ஆயேகா," என்றார் டீக்கடைக்காரர். வராது. கிளாஸைக் கழுவிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல்.

வாப்பாவின் முகம் சட்டென்று வாடிவிட்டது. பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். காலையிலிருந்து அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. நான் கடைக்காரரிடம் போனேன்.

"தாதா, நஹீ ஆயேகா, யா பதா நஹீ?" வராதா, தெரியாதா?

அவர் இப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். கொஞ்சம் யோசித்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"பதா நஹீ," என்றார். "மூணு நாளா வரலை. அதனால சொன்னேன்." இதையும் இந்தியில்தான் சொன்னார். பிறகு கழியின் பக்கம் கையைக் காட்டி, காலையில் மீன்காரர்களின் டோங்கிகள் வெளியே போயின, சின்ன டோங்கி போகிற கடலில் படகும் போகும், ஆனால் எப்போது என்று தனக்குத் தெரியாது என்றார். டோங்கி என்பது இங்கே எல்லோரும் சொல்லும் சின்னப் படகு.

ஓடிப்போய் வாப்பாவிடம் சொன்னேன். "வராதுன்னு இல்லையாம் வாப்பா. தெரியாதாம்."

ஒரு மனிதருக்கு அதைவிட நல்ல சேதியை நான் வாழ்க்கையில் கொண்டுபோய்ச் சொன்னதில்லை. அவர் எழுந்து நின்றார். டீ சொன்னார். ஜீப்காரருக்கும் சேர்த்து.

படகு வரும் சத்தம் முதலில் ஜீப்காரருக்குத்தான் கேட்டது. கழியின் வளைவில் அது திரும்பியபோது நிறைய தலைகள் தெரிந்தன. மூன்று நாளாக அங்கே மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் ஒரே படகில் ஏறியிருந்தார்கள். நடுவில் மஞ்சள் துப்பட்டாவைத் தலையில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு லாத்தா உட்கார்ந்திருந்தாள். மச்சான் இரண்டு பைகளையும் அவளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அவள் ஆச்சரியப்படவே இல்லை. பஸ் ஸ்டாண்டில் சொல்லிவைத்துச் சந்திப்பவள் போல, "உம்மா எங்கே?" என்றாள்.

வாப்பா அவள் கையைப் பிடித்து ஜெட்டிக்கு ஏற்றினார். நான்தான் கேட்டேன்.

"நாங்க வருவோம்னு உனக்கு எப்படித் தெரியும் லாத்தா? என் மெசேஜ் கிடைச்சுதா?"

"டவரே இல்லை, எங்கேயிருந்து மெசேஜ்? எனக்கு எதுவும் தெரியாது."

"பின்னே?"

"ஷிப் நின்னது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். தெரிஞ்ச பிறகு வாப்பா கடையில உட்கார்ந்து கயிறு அளந்துக்கிட்டு இருப்பாங்களா? வேற எந்த வழியா நான் வர முடியும்? இந்த ஒரு வழிதான். அதான் முதல் போட்லயே ஏறிட்டோம்."

"நாங்க வரலைன்னா?"

"ரங்கத்துல இவகூட வேலை பார்த்த டீச்சர் வீடு இருக்கு. பக்கத்துலயே ஆஸ்பத்திரி இருக்கு. அங்க இருந்திருப்போம்," என்றார் மச்சான்.

அவர்களும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். கடலுக்கு இந்தப் பக்கம் நாங்கள் செய்ததையே அந்தப் பக்கம் அவர்களும் செய்திருக்கிறார்கள். எங்களுக்குள் ஒரு சேதிகூடப் போகவில்லை.

ஜீப்பில் ஏறும்போதுதான் எனக்கு அந்த அறுந்த வால் நினைவுக்கு வந்தது. "அந்த வாய்ஸ் மெசேஜ்ல என்ன சொல்ல வந்தே? யெரட்டா போட்டுல வர்றேன்னா, போட்டும் இல்லைன்னா?"

லாத்தா கொஞ்சம் யோசித்தாள். "அதுவா? ஷிப் வரலைன்னா யெரட்டா போட்தான், ஆனா அதுல எனக்கு வாந்தி வரும், ஷிப் விடுற வரைக்கும் பார்க்கிறேன்னு உம்மாகிட்ட சொல்லச் சொன்னேன். மூணு நாளாகியும் ஷிப் வரலை, அதான் போட்டுக்கே மனசு வந்துச்சு."

நாங்கள் மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்த எந்த உலகத்திலும் அந்த வாந்தி இல்லை. நான் சிரிக்க ஆரம்பித்து நிறுத்த முடியாமல் சிரித்தேன். "எதுக்குடி சிரிக்கிறே, நிஜமாவே ரெண்டு தடவை எடுத்தேன்," என்று லாத்தா கோபித்துக்கொண்டாள்.

அன்று கான்வாய் நேரம் தாண்டிவிட்டதால் ரங்கத்தில் அந்த டீச்சர் வீட்டிலேயே எல்லோரும் தங்கினோம். மறுநாள் வீடு வந்து சேர்ந்தபோது உம்மா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். பிறகு வந்த வாரத்தில் லாத்தாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. உம்மா யாரையும் உட்காரவிடாத கட்டிலில் அது ஒரு மாதம் ராஜ்ஜியம் செய்தது.

குழந்தை தூங்கும் நேரங்களில் நான் செயலியைத் திரும்ப எழுதினேன். காவலில் நின்ற தர்க்கத்தை நான் எடுக்கவில்லை. தெரியாததைத் தெரியும் என்று சொல்ல அது இன்றும் விடாது. ஆனால் 'தெரியாது' என்பதோடு பேச்சை முடிக்க இப்போது அதற்கு அனுமதியில்லை. இது எனக்குத் தெரியாது, யாருக்குத் தெரியும், அவர்களுக்கு எப்போது தெரியவரும், அதுவரை, எது நடந்தாலும் வீணாகாத காரியம் என்ன என்று அது தேடிச் சொல்ல வேண்டும். தோழி இதைப் பார்த்துவிட்டு, "இது லாஜிக் இல்லை, பக்கத்து வீட்டு ஆண்ட்டி," என்றாள் இந்தியில். திட்டத்தான் சொன்னாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

பேராசிரியர் அவ்வளவு சுலபத்தில் விடவில்லை. எல்லா உலகங்களிலும் சரியாக வரும் செயல் என்பது எப்போதும் கிடைக்காது, கிடைக்காதபோது என்ன செய்வாய் என்று கேட்டார். நியாயமான கேள்வி. மேலும், உன் பட்டியலில் இல்லாத உலகம் ஒன்று வந்து நின்றால் என்றார். நான் அவருக்கு லாத்தாவின் வாந்தியைப் பற்றிச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார். "அதை ஆய்வேட்டில் ஒரு அத்தியாயமாக எழுது," என்றார். எழுதியிருக்கிறேன். முழு விடை கிடைக்கவில்லை. ஆனால் தன் பட்டியல் முழுமையானதல்ல என்பதையும் ஒரு மிஷினுக்குத் தெரியவைக்க முடியும் என்ற இடம்வரை வந்திருக்கிறேன்.

போன ஜனவரியில் அதை கார் நிக்கோபாரில் சோதித்துப் பார்க்கப் போனேன். அங்கே வேலை செய்யும் அரசு ஊழியர்கள் சிலரின் போனில் போட்டுக் கொடுத்தோம். அவர்களில் ஒருவர் தென்காசிப் பக்கத்து நர்ஸ். குடும்பம் போர்ட் பிளேரில் இருக்கிறது. நான் திரும்பவேண்டிய நாளன்று காலையில் என்னைத் தேடி வந்தார்.

"எங்க அம்மாவுக்கு நாளை மறுநாளு கண் ஆபரேஷன். இன்னைக்குக் கப்பல் போகுமான்னு உங்க இதுகிட்ட கேட்டேன். பாருங்க."

போனை நீட்டினார். நான் எழுதிய செயலிதான் என்றாலும், அது என்ன சொல்லியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. படபடப்போடு வாங்கிப் படித்தேன். இன்று கப்பல் கிளம்புமா என்று தனக்குத் தெரியாது என்றும், இந்த நேரத்தில் ஜெட்டியில் கேட்டால் அவர்களுக்கும் தெரிந்திருக்காது என்றும், மதியம் கடல் நிலவரம் வந்த பிறகு அவர்களுக்குத் தெரியும் என்றும் அது எழுதியிருந்தது. பிறகு, கப்பல் போனாலும் போகாவிட்டாலும் இந்த மூன்றையும் இப்போதே செய்துவைக்கலாம் என்று சொல்லியிருந்தது: லீவு எழுதிக் கொடுப்பது, ஹெலிகாப்டரில் இடம் கேட்டுப் பெயர் கொடுப்பது, ஆபரேஷனை ஒரு நாள் தள்ளலாமா என்று ஆஸ்பத்திரியில் விசாரிப்பது.

"கோபம் வந்துச்சா?" என்றேன்.

"முதல்ல வந்துச்சு. தெரியாதுங்கத்தானா இவ்வளவு நீளம்னு. அப்புறம் மூணையும் செஞ்சு முடிச்சேன். முடிச்ச பிறகு பயம் போயிட்டு." அவர் கையில் பை இருந்தது. "இப்ப மத்தியானம் வரைக்கும் சும்மா இருக்கணும். டீ குடிப்பமா?"

குடித்தோம். மதியம் ஜெட்டிக்குப் போனோம். கடல் அமைதியாக இருந்தது. கப்பல் சாயங்காலம் கிளம்பியது. மேல்தளத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு அவர் தன் அம்மாவுக்குப் போன் செய்தார். "ஏறிட்டேம்மா. காலையில வந்துருவேன். பயப்படாத, சாப்பிட்டுத் தூங்கு," என்று இரைச்சலை மீறிச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தென்னை மரங்கள் சின்னதாகிக்கொண்டே போயின. நான் உள்ளே போய் எங்கள் இரண்டு பேருக்கும் உட்கார இடம் பிடித்தேன்.